கதவு அலாரம் பொய்யன்று

மே 6, செவ்வாய். கடலூர்.
அனல் காற்று. துறைமுகத்து டவரில் டிரான்ஸ்மிஷன் அமைப்பு நிறைவு. முகவரி எண்களை இருமுறை சரிபார்த்தமையால் சிதம்பரம் டவருடன் இணைப்பு முதல் முயற்சியிலேயே. பாராட்டு: இல்லை.

மாறாக, மாலையில் அலுவலகத்தில், அனைவர் முன்னிலையிலும் பாஸ்கர் மாமா. அக்காவை மணந்தவர் என்பதால் மாமா என்கிறேன், வேறு காரணமில்லை. சிதம்பரம் டவரின் பராமரிப்பு அவர் பொறுப்பு.

"சார், தெனம் மத்தியானம் கதவு தொறந்திருக்குன்னு அலாரம் வருது. கன்ட்ரோல் ரூம்ல இருந்து எனக்குத்தான் போன். போய்ப் பாத்தா பூட்டித்தான் கெடக்கு. இந்தப் பொண்ணு வச்ச செட்டிங் அப்படி. யூட்யூப் பாத்துப் படிச்சா வேற எப்படி இருக்கும்?"

சிரிப்பு. மேலாளரும். வெள்ளிக்குள் சரிசெய்யாவிடில் சிதம்பரம் வட்டப் பணி வேறொருவருக்காம்.

யூட்யூப் அன்று. கையேடு. முழுவதும், அகராதி துணையுடன்.

வாங்க: இன்சுலேஷன் டேப், உப்பு, தலைவலித் தைலம்.

மே 7, புதன். சிதம்பரம்.
பேருந்தில் நின்றபடியே பயணம். கதவைத் திறந்தேன்: அலாரம். மூடினேன்: அடங்கியது. மீண்டும் மீண்டும் அவ்வாறே. அமைப்பில் குறையேதுமில்லை.

இயந்திர அறையினுள் ஏசியின் குளிர். பேட்டரி வரிசைக்குப் பின்னால் ஒரு பாய், ஒரு தலையணை. உறையில் மயில். அக்கா தைத்தது; நூல் நான் வாங்கித் தந்தது.

ஆக, மாமாவின் மதிய உறக்கம். நுழைகையில் அலாரம் எழுகிறது. கன்ட்ரோல் ரூம் அழைக்கிறது. படுத்தவாறே 'பொய் அலாரம்' என்கிறார். என் பெயர் கெடுகிறது.

பழிவாங்குதலும் முறைப்படி அமைதல் வேண்டும். மேலாளரின் ஒப்புதலை எழுத்தில் பெற்று, அலாரம் எழுந்தால் முதலில் அழைக்கும் எண்ணை மாற்றினேன். இனி அழைப்பு டவருக்கு இடம் கொடுத்த கலியமூர்த்திக்கு. வீடு எதிரிலேயே. பேட்டரித் திருட்டைப் பற்றி விரிவாக எடுத்துரைத்தேன்.

"போன் வந்தா வெளியில பூட்டைப் போட்டுட்டு ஒனக்குச் சொல்றேன். நீ போ பாப்பா."

பாப்பா என்றதை மன்னித்தேன்.

மே 8, வியாழன்.
தூறல். குளிர்ச்சி. எனவே மாமா டவருக்கு உறங்க வரவில்லை போலும். எரிச்சல். சோறு குழைந்துவிட்டது.

அக்கா போனில்: "அவுரு ஒன்னப் பத்தி நல்லதாத்தான்டி சொல்றாரு."

தலையணையைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

மே 9, வெள்ளி. கடலூர்.
கொடும் வெயில். பேரானந்தம்.

உணவு வேளை முடியுமுன் மாமாவின் அழைப்பு. டவரின் அடியிலிருந்து பேசியமையால் குரல் மிகத் தெளிவு.

"மல்லிகா, அந்தாளு வெளியில பூட்டிட்டாம்மா. தெருவே கூடி நிக்குது. நீ சொன்னாத்தான் தொறப்பானாம். அலாரம் பொய்யின்னு சொல்லிடும்மா."

பின்னணியில் கதவைத் தட்டியபடி கலியமூர்த்தி: "டேய், உள்ள எத்தினி பேருடா?"

போனை ஸ்பீக்கரில் இட்டு மேலாளரின் மேசைமேல் வைத்தேன். அதே அறை. செவ்வாயன்று சிரித்த அதே முகங்கள்.

"பொய்யா மாமா? எல்லாருக்கும் கேக்குது, நீங்களே சொல்லுங்க."

கலியமூர்த்தி மீண்டும் கதவைத் தட்டினார்.

"பொய் இல்ல. செட்டிங்லாம் சரியாத்தான் இருக்கு. தொறக்கச் சொல்லு தாயே."

மேலாளர் தலை குனிந்து ஏதோ காகிதத்தைத் தேடினார். சிதம்பரம் வட்டம் என்னுடையதே என்றார், காகிதத்திடம்.

"நேரில் வந்து பார்வையிட்டு, அதன்பின் திறக்கச் சொல்கிறேன்" என மாமாவிடம் எழுத்து நடையிலேயே உரைத்துவிட்டுப் பேருந்து நிலையம் சென்றேன்.

சிதம்பரத்துக்கு இடைநில்லாப் பேருந்து ஒன்று புறப்படத் தயாராய் நின்றது. இடமும் இருந்தது. ஏறவில்லை.