ஏழாம் கேள்வியின் விடை

பிப்ரவரி 9

ஒருவழியாக நாற்பத்திரண்டு விடைத்தாளும் திருத்தி, மதிப்பெண் பட்டியலை ஒட்டியாயிற்று. நாற்பது வாங்கினால்தான் அடுத்த வருடம் கணக்குப் பிரிவு. மூன்றாம் பெஞ்சு ஓரத்துப் பெண், நாங்கள் ஆசிரியர் அறையில் ‘வாயில்லாப்பூச்சி’ என்போமே, அவளுக்கு முப்பத்தெட்டு. பட்டியலைப் பார்த்தாள், போய்விட்டாள். வணிகப் பிரிவுக்கு விண்ணப்பமும் கொடுத்துவிட்டாளாம். கணக்கென்றால் உயிரை விடுகிற பெண். பாவமாகத்தான் இருக்கிறது. அதற்காக இரண்டு மதிப்பெண்ணுக்கு நான் எங்கே போவது?

பிப்ரவரி 10

இரண்டு பாடவேளை நேர்மாறு சார்பு நடத்தினேன். பாதி வகுப்பு கொட்டாவி.

பிப்ரவரி 11

அடுத்த வருடத்துக்காக விடைக்குறிப்பைப் படியெடுத்துக்கொண்டிருந்தேன். ஏழாம் கேள்வி: ஒரு புள்ளியை y = x கோட்டில் பிரதிபலித்து, பிறகு மூன்று அலகு வலப்பக்கம் நகர்த்தினால் (8, 2) வருகிறது. முதலில் எங்கே இருந்தது? என் விடை (–1, 8). போட்டுப் பார்த்தேன். (11, –1) வருகிறது.

கடைசியாகச் செய்ததைத்தானே முதலில் பிரிக்க வேண்டும்? முதலில் மூன்றைக் கழித்து (5, 2), அப்புறம் பிரதிபலித்து (2, 5). நான் தலைகீழாகச் செய்திருக்கிறேன். தேர்வுக்கு முந்தின நாள் கரும்பலகையிலும் அப்படியேதான் நடத்தினேன். விடைத்தாள் கட்டைப் பிரித்தேன். முப்பத்தொரு பேர் என் தப்பை அப்படியே எழுதி நான்கு மதிப்பெண் வாங்கியிருக்கிறார்கள். பத்துப் பேர் தொடவில்லை. (2, 5) என்று எழுதியது ஒரே ஒருத்தி, அந்த மூன்றாம் பெஞ்சு ஓரத்துப் பெண். அவளுக்குச் சிவப்பில் பெரிய பூஜ்ஜியம் போட்டிருக்கிறேன்.

‘விடையைப் போட்டுச் சரிபாருங்க’ என்று பதினாறு வருடமாகத் தொண்டை கிழியக் கத்துகிறவள் நான். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பிப்ரவரி 12

தலைமையாசிரியை மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டார். “பட்டியல் ஒட்டியாச்சு. இப்பப் போய்க் கிளறணுமா? மத்த முப்பத்தொரு பேருக்குக் குறைப்பீங்களா?”

“குறைக்க வேணாம் மேடம். நான் சொல்லிக்கொடுத்ததைத்தான் எழுதினாங்க. அவளுக்கு நாலு மார்க் கூட்டுங்க, போதும். காரணம் நானே வகுப்புல சொல்லிடறேன்.”

“உங்க பேருதான் கெடும்.”

கெடட்டும் என்றேன். வீறாப்பாகச் சொல்லிவிட்டு வந்து, மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை.

வீட்டில் இவரிடம் சொன்னேன். “கல்யாணமாகி இத்தனை வருஷத்துல நீ தப்புன்னு ஒத்துக்கிட்டு நான் பார்த்ததே இல்ல. நாளைக்கு லீவு போட்டுட்டு வந்து பின் பெஞ்சுல உக்காரட்டுமா?” என்கிறார். சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் பயம் போகவில்லை.

பிப்ரவரி 13

சொல்லிவிட்டேன். இரண்டு விதமாகவும் கரும்பலகையில் போட்டுக் காட்டினேன். பிறகு பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல்: “அப்ப உங்களுக்கு எத்தனை மார்க் மிஸ்?” பூஜ்ஜியம் என்றேன். ஒரே சிரிப்பு.

மணி அடித்ததும் அவளைத் தனியாகக் கூப்பிட்டேன். “சரியாத்தானேம்மா போட்டிருந்தே. ஏன் வந்து கேக்கல?”

“போட்டுப் பார்த்தேன் மிஸ். சரியாத்தான் வந்துச்சு. ஆனா நீங்க தப்புன்னு போட்டிருந்தீங்க. அப்ப எனக்குத்தான் கணக்கு வரல போலன்னு விட்டுட்டேன்.”

குறையாகச் சொல்லவில்லை. சாதாரணமாகச் சொன்னாள். இவ்வளவு நாள் வகுப்பு அமைதியாக இருக்கிறது என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேனே — எத்தனை பேர் இப்படி விட்டார்களோ?

பிப்ரவரி 16

அவளுக்கு இப்போது நாற்பத்திரண்டு மதிப்பெண். விண்ணப்பத்தை மாற்றிக் கொடுத்துவிட்டாள்.

ஜூன் 24

கணக்குப் பிரிவின் முதல் தேர்வுத்தாளை நேற்றுக் கொடுத்தேன். இன்று இடைவேளையில் ஆசிரியர் அறை வாசலில் அவள், கையில் தாளோடு. “மிஸ், மூணாவது கணக்குல ரெண்டு மார்க் குறைச்சிருக்கீங்க. நான் போட்டது சரின்னு நினைக்கிறேன்.”

பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தேன். கால் மணி நேரம் விடாமல் வாதாடினாள். நானும் விடவில்லை. கடைசியில் நான்காம் வரியில் ஒரு கழித்தல் குறியை விட்டிருந்தது தெரிந்தது. “அய்ய, என் தப்புதான் மிஸ்” என்று தாளை மடித்துக்கொண்டு எழுந்தவள், வாசல் வரை போய்த் திரும்பினாள்.

“அஞ்சாவதுலயும் ஒரு சந்தேகம் இருக்கு. நாளைக்கு வரட்டா?”

வரச் சொல்லியிருக்கிறேன்.