தள்ளு கை

ஜூலை 7

பால்காரர் கணக்கைத் தீர்த்தேன். முழங்கால் வலிக்குச் சுகாதார மையத்தில் மாத்திரையைக் குறைத்து, வாரம் இரண்டு நாள் தை ச்சி என்ற சீனப் பயிற்சி வகுப்புக்கு வரச் சொல்லிவிட்டார்கள். இலவசம். அதனால்தான் போனேன் என்பதையும் எழுதிவைக்கிறேன்.

சொல்லித்தருபவர் ஓய்வுபெற்ற நர்சம்மா. என் வயதுதான் இருக்கும். பெஞ்சுகளை ஓரம் தள்ளிவிட்டு எங்களை நிற்கவைத்தார். நிற்பதுதான் முதல் பாடமாம். முழங்கால் லேசாக மடங்க, தோள் தளர, உச்சந்தலையில் நூல் கட்டி மேலேயிருந்து யாரோ பிடித்திருப்பது போல நிற்க வேண்டும். "யாரு பிடிச்சிருக்காங்கன்றது உங்க இஷ்டம்" என்றார். எனக்கு யார் என்று தெரியும். யாருடைய வழிபாடோ என்று பயந்துகொண்டுதான் போயிருந்தேன். சாமி பேரே வரவில்லை. நின்றபடி என் பிரார்த்தனையை நானே சொல்லிக்கொண்டேன்.

வீட்டில் செய்து காட்டினேன். இவர் வாசற்படியில் சாய்ந்து நின்று பார்த்தார். "என்ன, கண்ணுக்குத் தெரியாத ஆளுக்குக் கதவு திறந்து விடறியா? இந்த வேகத்துல நான் வேன் ஓட்டினா பிள்ளைங்க பள்ளிக்கூடம் போய்ச் சேரும்போது மீசை முளைச்சிருக்கும்."

பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். கேலியெல்லாம் அங்கிருந்துதான் வரும்.

ஜூலை 21

ஏன் இத்தனை மெதுவாக என்று கேட்டேன். "இது சண்டைக் கலைதாங்க. இந்தக் கை தடுக்குது, அந்தக் கை அடிக்குது. வேகமா செஞ்சா தப்பு மறைஞ்சுடும். மெதுவா செஞ்சா எங்க ஆடுது, எங்க அடைக்குதுன்னு உடம்பே காட்டிக்கொடுத்துடும்" என்றார் நர்சம்மா.

ச்சி என்கிறார்களே, அது என்ன என்றும் கேட்டேன். "உயிர்மூச்சுன்னு சிலர் சொல்வாங்க. வெறும் உடம்போட ஒழுங்குன்னு சிலர். நான் கண்ணால பார்த்ததில்ல. செஞ்சு முடிச்சா உள்ளங்கை கதகதன்னு இருக்கு. அது வரைக்கும்தான் எனக்குத் தெரியும்."

தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறார். நம்பலாம்.

ஒரு கால் நிறைய வேண்டும், மற்றது காலியாக வேண்டும். பாரத்தைப் பாதிப் பாதியாக வைத்தால் இரண்டுமே நகராது. நான் படியேறுவதில் இருந்த தப்பு அதுதான் போலிருக்கிறது.

ஆகஸ்ட் 11

இன்று தள்ளு கை. இரண்டு பேர் எதிரெதிரே நின்று, மணிக்கட்டோடு மணிக்கட்டு ஒட்டியபடி வட்டமாகச் சுற்ற வேண்டும். ஒருவர் தள்ளுவார், மற்றவர் அந்தத் தள்ளலை வாங்கி, இடுப்பைத் திருப்பி, போகிற போக்கில் விட்டுவிட வேண்டும். கையை எடுக்கவும் கூடாது, எதிர்த்து முட்டவும் கூடாது. பழகிவிட்டால் கண்ணை மூடியிருந்தாலும் எதிராளி எந்தப் பக்கம் வரப்போகிறார் என்று தோலே சொல்லிவிடுமாம்.

நர்சம்மா தள்ளியதும் என் கை மார்போடு போய் ஒட்டிக்கொண்டது. "விட்டுக்கொடுக்கறது வேற, தொய்ஞ்சு போறது வேற. நீங்க தொய்ஞ்சு போறீங்க. காத்தடைச்ச பந்து மாதிரி இருங்க. அமுங்கட்டும், ஆனா சப்பையாகக் கூடாது."

கல்யாணமான நாளிலிருந்து நான் விட்டுக்கொடுப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேனே, அது எது? பஸ்ஸில் வரும் வழியெல்லாம் இதே யோசனை.

ஆகஸ்ட் 14

வீட்டில் பழக ஆள் வேண்டும் என்று இவரைக் கெஞ்சினேன். "கையைப் பிடிக்கணும்னா நேராவே கேளேன், அதுக்கு எதுக்கு வகுப்பு?" என்றார். ஆனாலும் வந்து நின்றார். முழு பலத்தோடு தள்ளினார். நான் இடுப்பைத் திருப்பினேன். அப்படியே போய் சோபாவில் விழுந்தார். "ஏய், ஏமாத்துறே! திரும்ப வா!"

மகள் கல்யாணமாகிப் போனபின் இந்த வீட்டில் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தது இன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 29

சாயங்காலம் டீ குடித்ததும் அவரே கையை நீட்டுகிறார். இடது கையில் தண்ணீர் மாதிரி வருகிறார். வலது கையில் மட்டும் — எப்படி எழுதுவது — பழைய மேசையின் இழுப்பறை இடறி இடறி வருமே, அப்படி. கண்ணை மூடிக்கொண்டு செய்து பார்த்தேன். தள்ளிக்கொண்டு வருகிற கை ஓரிடத்தில் நிற்கிறது. அவர் நிறுத்தவில்லை, அதுவாக நிற்கிறது. பிறகு வருகிறது.

"என்னங்க, கை வலிக்குதா?"

"ஸ்டியரிங் பிடிக்கிற கை. இரும்பாத்தான் இருக்கும்."

செப்டம்பர் 2

அதே இடம்.

செப்டம்பர் 9

சட்டைப் பொத்தானை இடது கையால் போடுகிறார். டம்ளரை மேசையில் வைத்த பிறகும் வலது கை விரல்கள் பிரிய நேரமாகிறது. இது எப்போதிலிருந்து? எதிரில் உட்கார்ந்துதானே சாப்பிடுகிறேன்! கடைச் சீட்டில் காசு கூடியிருந்தால் உடனே தெரிகிற கண்ணுக்கு இது தெரியவில்லை.

நர்சம்மாவிடம் சொன்னேன். அவர் முகம் மாறியது. "நான் டாக்டர் இல்ல. என்னன்னு பேர் சொல்ல மாட்டேன். ஆனா கூட்டிட்டுப் போங்க. தள்ளிப்போடாதீங்க."

செப்டம்பர் 10

சொன்னேன். இவரிடம் சொல்லியிருக்க வேண்டாமோ. இல்லை, சொல்லத்தான் வேண்டும்.

"டாக்டர் என்ன சொல்லுவான்? ஓட்டாதேன்னு சொல்லுவான். போகலைன்னா சொல்ல மாட்டான்ல?"

ஆக, அவருக்குத் தெரியும். எனக்கு முன்னாலேயே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டேதான் காலையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறார்.

"இத்தனை வருஷத்துல ஒரு பிள்ளைக்கு ஒரு கீறல் உண்டா? நீயே சொல்லு. ஒரு கீறல்?"

இல்லை. அதுவும் உண்மைதான். சாயங்காலம் டீ குடித்துவிட்டு எழுந்து போய்விட்டார். கையைத் தரவில்லை.

செப்டம்பர் 27

ஞாயிற்றுக்கிழமை. வேன் முதலாளியிடம் சொல்லிவிட்டு வேனை எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனோம். திரும்பும்போது சிக்னலில் சிவப்பு விழுந்தது. முன்னால் ஒரு ஸ்கூட்டர். பிரேக்குக்குப் போக வேண்டிய கால் தரையோடு ஒட்டிக்கொண்டு நின்றது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் காலையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரும் குனிந்து பார்த்தார், வேறு யாருடைய காலையோ பார்ப்பது மாதிரி. கடைசியில் இடது கையால் ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். ஸ்கூட்டரை உரசாமல் வேன் நின்றது.

"கண்ணு தெரியலையா பெருசு?" என்று ஸ்கூட்டர்க்காரன் கத்தினான்.

பின்னால் தக்காளிப் பை சீட்டிலிருந்து கவிழ்ந்து, தரையெல்லாம் உருண்டது. அந்த சீட்டில் நாளைக்குச் சின்ன வகுப்புப் பிள்ளைகள் உட்காரும்.

"பிரேக்கு பிடிக்கல. மெக்கானிக்கிட்ட காட்டணும்" என்றார். வீட்டுக்கு வந்து நசுங்கின தக்காளியைத் தனியாகப் பிரித்தேன்.

செப்டம்பர் 28

வேன் கிளம்பியதிலிருந்து திரும்பும்வரை பிரார்த்தனையில் உட்கார்ந்திருந்தேன். இவர் வேலையைப் பறிக்காதே, பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகாமல் பார்த்துக்கொள். இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டேன். இரண்டும் சேர்ந்து கிடைக்காது என்று தெரிந்தேதான் கேட்டேன். இறைவனிடமே பேரமா?

அக்டோபர் 1

மகளிடம் எல்லாம் சொன்னேன். போனில் அழுகிறாள். "அந்த வேனை எடுத்துட்டா அப்பாகிட்ட என்னம்மா மிச்சம் இருக்கும்? கெஞ்சிப் பாரும்மா."

"கெஞ்சியாச்சுடி."

"அப்ப இன்னும் கொஞ்ச நாள் பாரு."

எதைப் பார்க்கச் சொல்கிறாள்? எது நடக்கும்வரை?

சாயங்காலம் இவரிடமே சொல்லிவிட்டேன். "நீங்களா முதலாளிகிட்ட சொல்லிடுங்க. இல்லைன்னா நான் போய்ச் சொல்லுவேன்."

டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "உனக்கு அந்தத் தைரியம் வராது."

அக்டோபர் 3

போனேன். முதலாளி வண்டிக் கொட்டகையில் டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். "வாங்க அண்ணி, அண்ணனுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். அவரே கேட்டது வசதியாகப் போயிற்று. கை, கால், சிக்னல், எல்லாவற்றையும் சொன்னேன்.

காற்று மெஷினை அணைத்தார். "இது உங்களுக்கு எப்பலேருந்து தெரியும்?"

"ஒரு மாசமா."

"ஒரு மாசமாவா? என் பொண்ணும் அந்த வேன்லதான் போறா அண்ணி."



அக்டோபர் 5

மதியத்துக்கு முன்பே, வேன் சாவி இல்லாமல், நடந்து வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை.

"விளையாடலாம் வான்னு கையைப் பிடிச்சே. நானும் லூசு மாதிரி குடுத்தேன். தினம் டீயைக் குடிச்சிட்டு நானே கையை நீட்டினேன். நீ அதுல நோட்டம் பாத்திருக்கே."

"ஐயோ, இல்லீங்க. நான் அதுக்காக—"

"இனிமே என்னைத் தொடாதே."

அக்டோபர் 5

பேசவில்லை.

அக்டோபர் 19

பேசவில்லை. சாப்பிட்டார்.

நவம்பர் 12

மகளும் மருமகனும் வந்து இவரை டாக்டரிடம் அழைத்துப் போனார்கள். நானும் பின்னால் போய் ஓரமாக உட்கார்ந்தேன். டாக்டர் விரலைத் தட்டச் சொன்னார், நடக்கவைத்தார், கையை மடக்கி நீட்டிப் பார்த்தார். பார்க்கின்சன். நடுக்குவாதம். ஆனாலும் எல்லோருக்கும் கை நடுங்காதாம், சிலருக்கு இப்படி இறுகிப்போகுமாம். குணமாகாது, மாத்திரையால் ஓரளவு பிடித்து நிறுத்தலாம்.

"விழாம இருக்க பேலன்ஸ் பயிற்சி முக்கியம். தை ச்சி மாதிரி ஏதாவது செஞ்சா ரொம்ப நல்லது" என்றார் டாக்டர்.

இவர் சிரித்தார். இத்தனை நாளுக்குப் பிறகு சிரித்தார். "அதை அவ செய்யட்டும் டாக்டர். அவளுக்குத்தான் நல்லா வரும்."

டாக்டருக்குப் புரியவில்லை, அவரும் கூடச் சிரித்தார். மருந்துச் சீட்டை நான்தான் வாங்கி மடித்துப் பையில் வைத்தேன்.

டிசம்பர் 3

புது டிரைவர் நம் தெரு வழியாகத்தான் போகிறான். முதலில் பிள்ளைகள் ஜன்னலில் இருந்து "டிரைவர் தாத்தா!" என்று கையாட்டின. இவரும் வாசலில் நிற்பார். இப்போது அதுகள் தங்களுக்குள் பேசிக்கொண்டே போய்விடுகின்றன. இன்று ஹாரன் சத்தம் கேட்டதும் கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

ஜனவரி 20

தள்ளு கைக்கு ஜோடி சேர்த்தார்கள். நான் முடியாது என்று உட்கார்ந்துவிட்டேன். யார் மணிக்கட்டைத் தொட்டாலும் திருடுகிற மாதிரி இருக்கிறது. வகுப்பு முடிந்ததும் நர்சம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எல்லாம் சொன்னேன்.

"அவரு கையில நீங்க எதையும் வைக்கல. இருந்தது தெரிஞ்சுது" என்றார்.

"தெரிஞ்சுக்கிட்டு நான் என்ன செஞ்சேன்? அவரைத் தள்ளிட்டேன்."

"தள்ளிட்டு கையை எடுத்துட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார் நர்சம்மா.

எடுத்துக்கொண்டது அவர்தான் என்று சொல்ல வாய் வரை வந்தது.

மார்ச் 8

விழுந்துவிட்டார். அடுக்களைக்கும் கூடத்துக்கும் நடுவே. தூக்கப் போனேன். ஒற்றைக் கையால் தடுத்துவிட்டார். நாற்காலிக் காலைப் பிடித்து, முழங்காலில் ஊன்றி, தானே எழுந்தார். பார்த்துக்கொண்டு நிற்பது இருக்கிறதே, ஆண்டவனே. எலும்புக்கு ஒன்றுமில்லை. உதட்டில் ரத்தம். பஞ்சை மேசையில் வைத்துவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டேன்.

ஏப்ரல் 16

நிலைப்படி வந்தால் கால் நின்றுவிடுகிறது. சமதரையில் நடப்பவர், கதவுக்குக் கதவு இப்படி. அங்கேயே நின்று சுவரைப் பார்க்கிறார், ஏதோ யோசிக்கிற மாதிரி. எனக்குத் தெரியக்கூடாதாம்.

மே 2

மாத்திரைக்குப் பிந்திய காலை நேரம்தான் அவருக்கு நல்ல நேரம். இன்று அப்போதும் குளியலறை வாசலில் நின்றுவிட்டார். துண்டு தோளில். நான் அடுப்படியில் இருந்து பார்த்தேன். வெகுநேரம் ஆகியும் நின்றுகொண்டே இருந்தார். காதோரம் வியர்த்தது.

போனேன். தொடவில்லை. அவர் பக்கத்தில், அதே திசையைப் பார்த்து நின்றேன். பாரத்தை முழுதாக இடது காலில் இறக்கினேன், வலது கால் காலியாகும்வரை. திரும்ப வலதில். திரும்ப இடதில். வகுப்பில் செய்வதைவிட மெதுவாக. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பாதத்தைப் பார்த்தார்.

அவர் இடுப்பு கொஞ்சம் அசைந்தது. இடது பக்கம் சாய்ந்தார். வலது குதிகால் முதலில் எழும்பியது, பிறகு கால் முழுக்க. தாண்டி உள்ளே போனார். கதவைச் சாத்திக்கொண்டார்.

நான் திரும்பி வந்து பாலைக் காய்ச்சினேன். உள்ளே தண்ணீர் சத்தம் கேட்டது, நின்றது. கதவு திறந்தது. ஆள் வெளியே வரவில்லை. கூப்பிடமாட்டார் என்று எனக்குத் தெரியும். அதனால் பாலைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"ஏய்," என்றார். பிறகு, "இந்தா, கால் வரல."

அடுப்பை அணைத்துவிட்டுப் போனேன்.