வாணியின்ரை குளிசையும் உங்கடை கிரேக்கரும்

இஞ்சாருங்கோ, என்ரை ராசா,

உயிரோடை இருக்கேக்கை இப்பிடிக் கூப்பிட்டால், புத்தகத்திலையிருந்து தலையைத் தூக்காமல் "ம்" எண்டு சொல்லுவியள். இப்ப அதுவும் இல்லை. அதுக்காக நான் விடப்போறதில்லை. முழுக்கக் கேளுங்கோ.

எங்கடை மகளுக்குத் திரும்பவும் வலிப்பு வந்திட்டுது. டொக்டர் குடுத்த குளிசையை ஒழுங்காய்ப் போட்டு நல்லாய்த்தான் இருந்தவள் வாணி. உங்கடை அக்கா எனக்குச் சொல்லாமல் அவளை ஒரு பூசாரியிட்டைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறா. அவர் கையிலை நூலைக் கட்டி, நேர்த்தி முடியுமட்டும் குளிசையைத் தொடக்கூடாது எண்டிட்டார். மாமி சொன்னவ எண்டு இவளும் விட்டிட்டாள். வல்வெட்டித்துறைக்கு வாற பஸ்ஸுக்குள்ளை விழுந்து, வாயெல்லாம் இரத்தம்.

எனக்கு வந்த விசரிலை உங்களையும் சேர்த்துத்தான் ஏசினன். பள்ளிக்கூடத்திலை கிரேக்க நாகரிகம் படிப்பிச்ச மனிசன், வீட்டிலை ஒரு நாளாவது ஒரு பக்கம் நிண்டியளோ? அவரைக்காய் சமைச்சால், முக்கோணக் கணக்குச் சொன்ன ஞானி தன்ரை சீடர்களை அவரை தின்ன விடேல்லை எண்டு சிரிச்சுப்போட்டு, நீங்கள் கோப்பை நிறையப் போட்டுத் தின்னுவியள். வாணிக்கு முதல் வலிப்பு வந்தபோது, "கிரேக்கத்திலையும் இதைத் தெய்வம் குடுத்த நோய் எண்டுதான் சொன்னவை. இல்லை, இதுவும் மற்ற நோய் மாதிரித்தான் எண்டு ஒரு வைத்தியன் அப்பவே எழுதிவைச்சவன்" எண்டியள். எனக்கு எவ்வளவு ஆறுதல்! அதோடை நிப்பாட்டியிருக்கலாம்தானே? "ஆனால் அதே சனம் வைத்தியக் கடவுளின்ரை கோயிலிலை, நோய் மாத்துற கனவு வருமெண்டும் படுத்துக் கிடந்தது" எண்டு அக்காவுக்கு முன்னாலை சொல்லுவானேன்? அவ அந்தப் பாதியைத்தான் பிடிச்சுக்கொண்டா.

ஆஸ்பத்திரியாலை வந்த கையோடை அவவிட்டைப் போனன். "மச்சாள், பிள்ளையைக் கொல்லப் பாத்தியளோ?" எண்டு கத்தினன். திருப்பிக் கத்துவா எண்டு நினைச்சன். அவ அடுப்படி நிலத்திலை அப்பிடியே இருந்திட்டா.

"தம்பியை ஆஸ்பத்திரிக்கு மட்டும்தான் கொண்டுபோனனாங்கள். ஒரு கோயிலுக்கும் நேர்த்தி வைக்கேல்லை. அவன் போயிட்டான். இவளையும் அப்பிடி விடச் சொல்லுறியோ?"

நேர்த்தி வைக்காததாலையோ உங்கடை நெஞ்சு நிண்டது? இல்லை எண்டு எனக்குத் தெரியும். அவவுக்கு அதை எப்பிடிச் சொல்லுறது? நீங்கள் இருந்திருந்தால் ரெண்டு பக்கமும் கதைச்சுப்போட்டு, தேத்தண்ணி கேட்டிருப்பியள்.

பக்கத்திலை இருந்து நானும் அழுதன். பிறகு சொன்னன்: "வெள்ளிக்கிழமையிலை கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. நானும் வாறன். குளிசையிலை மட்டும் ஒருத்தரும் கைவைக்கக்கூடாது."

"அப்ப நூல்?"

"நூல் அவளின்ரை கையிலை கிடக்கட்டும், மச்சாள்."

"ஓம்" எண்டு மூக்கைத் துடைச்சா.

வாணிக்கு நாக்குக் காயம் ஆறுது. கஞ்சி குடிக்கிறாள். பரீட்சைக்கு உங்கடை பாடத்தைத்தான் எடுப்பன் எண்டு ஒற்றைக்காலிலை நிக்கிறாள். உலகத்திலை வேற பாடமே இல்லையோ?

சத்தியமாய்ச் சொல்லுறன், இனிக் குளிசையை என்ரை கையாலைதான் குடுப்பன். உங்கடை அக்காவையும் தனிய விடமாட்டன். உங்களிலை உள்ள கோபத்தை மட்டும் விடச் சொல்லிக் கேக்காதேங்கோ.

உங்கடை மனிசி,
வாணியின்ரை அம்மா