பத்து நிமிடத்துக்கு ஒரு தட்டு

அன்பு மகள் வாண்டுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அடுத்த தெரு அத்தையும் நீ நிறுத்திவிட்டுப் போன சைக்கிளும் சுகம். நீ சுகமா என்று கேட்டால் சுகம் என்றுதான் சொல்வாய், போன வாரமும் போனில் அப்படித்தான் சொன்னாய். நேற்று அத்தை உளறிவிட்டாள். நாலு நாள் காய்ச்சலில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகக் கிடந்தாயாம், எட்டிப் பார்க்க ஒரு ஆள் இல்லையாம், அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க அத்தே, அவரு பாட்டுக்குப் பதறுவாரு என்றாயாம். பதறத்தான் செய்தேன். போனில் உன் குரலைக் கேட்டால் சாப்பிட்டாயா என்பதற்கு மேல் எனக்கு வாய் வராது என்று உனக்கே தெரியும், அதனால் இந்தப் பார்சலோடு கடிதத்தையும் வைக்கிறேன்.

முதலில் என் தப்பை ஒத்துக்கொள்கிறேன். நீ அந்தப் பனி ஊருக்குப் படிக்கக் கிளம்பும்போது எவ்வளவு ஜம்பம் அடித்தேன். இருபத்திரண்டு வருஷமாகக் குளிர்க்கிடங்கில், மைனஸ் பதினெட்டில் மீன் பெட்டியும் பட்டாணி மூட்டையும் அடுக்குகிறவனுக்குத் தெரியாத குளிரா என்று, நீ கடையில் ஆசையாகத் தொட்டுப் பார்த்த கோட்டை வேண்டாம் என்று தள்ளிவிட்டு, நாங்கள் வேலைக்குப் போடுகிற மாதிரியே ஒன்றை வாங்கித் திணித்தேன். பெட்டியையும் கிடங்கு கணக்காகவே அடுக்கினேன், கனமானது அடியில், முதலில் எடுக்க வேண்டியது மேலே, ஒவ்வொரு பொட்டலத்துக்கும் தேதிச் சீட்டு வேறு. ஏம்ப்பா, நான் என்ன ஐஸ் மீனா என்று சிரித்தாய். எங்கள் கிடங்கில் இருப்பது காய்ந்த குளிர், ஈரமே கிடையாது. இருபது நிமிடம் வேலை பார்ப்போம், கதவைத் திறந்துகொண்டு வெயிலுக்கு வந்துவிடுவோம். அங்கே பனி கோட்டின் மேல் விழுந்து உருகி உள்ளே இறங்கும் என்பதோ, அந்தக் குளிரைவிட்டு வெளியே வரக் கதவே கிடையாது என்பதோ இந்த மண்டைக்கு எட்டவில்லை. அப்பா வாங்கிக் கொடுத்தது என்று நீயும் இரண்டு மாதம் நனைந்த கோட்டோடு வகுப்புக்குப் போயிருக்கிறாய். அதையும் அத்தைதான் சொன்னாள்.

நீ தொட்டுப் பார்த்த அதே கோட்டு இந்தப் பார்சலில் இருக்கிறது. கடைக்கார அம்மா என்னைப் பார்த்ததுமே அடையாளம் கண்டுகொண்டு, அப்பவே பொண்ணு பேச்சைக் கேட்டிருக்கலாமில்ல என்றாள், தலையை ஆட்டிவிட்டு வாங்கி வந்தேன். சாக்ஸ் ஒரு அளவு பெரிதாக வாங்கியிருக்கிறேன், இறுக்கமாக இரண்டு போடாதே, ரத்தம் ஓடாமல் விரல் மரத்துப்போகும், இது மட்டும் எனக்கு நிஜமாகவே தெரிந்த விஷயம். இந்தத் தடவை தேதிச் சீட்டு ஒட்டவில்லை. வீட்டில் புதிதாக ஒன்றும் இல்லை. குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது, அந்தச் சத்தமும் இப்போது இல்லை. உன் அறையைத் தூசி வரும் என்று மூடி வைக்கிறேன், கொஞ்ச நேரத்தில் நானே போய்த் திறந்துவிடுகிறேன். அம்மா போன பிறகு நாம் இரண்டு பேர் இருந்தோம், அப்போது வீடு இவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை.

உன் அம்மாவிடம்கூடச் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். கிடங்கில் ஒருவர் உள்ளே போனால் ஒருவர் வெளியே நிற்க வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வெளியே நிற்பவர் கதவில் ஒரு தட்டு தட்டுவார், உள்ளே இருப்பவர் இரண்டு தட்ட வேண்டும், நான் நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம். நீ மூன்றாவது படிக்கும்போது ஒருநாள் என் கூட்டாளி மீசை டீ குடிக்கப் போய்விட்டான், கதவுக் கொக்கி உள்பக்கத்திலிருந்து திறக்காமல் சிக்கிக்கொண்டது. அவன் திரும்பி வந்து திறக்கும்வரை நாற்பது நிமிடம். கை மரத்தது, கால் மரத்தது, அதெல்லாம் தாங்கிக்கொண்டேன். நான் இரண்டு இரண்டாகத் தட்டிக்கொண்டே இருக்க, அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. நீ நாலு நாள் அப்படிக் கிடந்தாய் என்று கேட்டதிலிருந்து எனக்கு அந்தக் கதவுதான் ஞாபகம்.

அதனால் ஒன்று கேட்கிறேன், என் சொல்லைத் தட்டாதே. தினமும் காலையில் எழுந்ததும் எனக்கு ஒரே ஒரு ரிங் விட்டுக் கட் பண்ணிவிடு. பேச வேண்டாம், சுகம் என்று பொய்யும் சொல்ல வேண்டாம். உடனே நான் இரண்டு ரிங் விடுவேன், நீ எடுக்காதே. ஒருநாள் உன் ரிங் வராவிட்டால் அத்தையையும் கூட்டிக்கொண்டு அங்கே வந்து நிற்பேன், அத்தை குறட்டை விடுவாள், யோசித்துக்கொள்.

பக்கத்து அறைப் பெண்ணிடம் ஒரு வார்த்தை பேசிப் பழகு. படிப்பு நன்றாக வரும், உடம்பு தேறும், என் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. காதை மூடாமல் வெளியே போகாதே.

எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோதுதான் கவனித்தேன். கிடங்கு வழக்கப்படி இரண்டு தட்டு தட்டுகிறவன் உள்ளே இருப்பவன், இங்கே இரண்டு ரிங் விடப்போகிறவன் நான். மாற்றி எழுதலாமா என்று பார்த்தேன், வேண்டாம், அப்படியே இருக்கட்டும். வெளியிலிருந்து நீ தட்டு.

உன் தட்டுக்குக் காத்திருக்கும்
அப்பா