பால் கவர் வெட்டும் கத்தரி

பால் கவரை வெட்டக் கத்தரிக்கோலை எடுத்த யோகப்பிரியாவுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. முனையில் காய்ந்த ரத்தமும் பூனையின் நகத்துண்டு ஒன்றும் ஒட்டியிருந்தன. கட்டிலுக்கடியில் பதுங்கியிருந்த பூனை ஒரு காலைத் தூக்கியே வைத்திருந்தது. கணவன் சிவப்பிரகாஷ் தோட்டத்துக்குப் போயிருந்தான். கொழிஞ்சாம்பாறை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால், காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் எழுதினாள்.

"ஏனுங்க, சோபாவைப் பிறாண்டுச்சுன்னு நேத்து நான் வேலைக்குப் போனதும் இதுக்கு நகம் வெட்டி உட்டீங்களாக்கும். நகத்துக்குள்ள செவப்பாத் தெரியறது சதைங்க. வெள்ளை நுனியை மட்டுந்தான் எடுக்கோணும். இனி நீங்க தொட வேண்டாம், நானே வெட்டிக்கறேன். நாற்காலிக் கால்ல சாக்கைச் சுத்திக் கட்டியிருக்கறேன். அதுல பிறாண்டுனா துளி கருவாடு போடுங்க, தானாப் பழகிக்கும். பயத்துல உங்க லுங்கி மேல மோண்டதுக்கு அதோட மூஞ்சியை அதுலயே புடிச்சுத் தேச்சீங்களாமா, பக்கத்தூட்டு மருதாத்தாக்கா சொன்னாங்க. மூத்திர நாத்தத்தைக்கூடப் பொறுத்துக்குவேன். நீங்க செஞ்சதை நெனச்சாத்தான் ஓங்கரிக்குது. சோறு மூடி வெச்சிருக்குது."

'ஓங்கரிக்குது' என்பதை அடித்துவிடலாமா என்று யோசித்தாள். அடிக்கவில்லை. கத்தரியைக் குப்பையில் போட்டுவிட்டு வாசல்வரை போனவள், திரும்பி வந்து தாளின் அடியில் நெருக்கி எழுதினாள்.

"உங்க கையிலயும் கீறியிருக்குமே. சோப்புப் போட்டுக் கழுவிட்டு, இன்னைக்கே ஆசுபத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்குங்க. நர்ஸ் புடிக்கறப்பக் கையை இழுக்காதீங்க. பூனையும் அப்படித்தான் இழுத்திருக்கும்."