கூரையைக் காட்டிய விரல்

அம்மா,

உன்னைக் கொன்றது தோட்டத்து வீட்டின் கூரை. ஆஸ்பத்திரியில் நுரையீரலில் கிருமி என்று எழுதிக் கொடுத்தார்கள். கூரை ஒழுகியது, தரை ஈரமானது, நீ வழுக்கி விழுந்தாய், இடுப்பெலும்பு உடைந்தது, படுக்கையிலேயே கிடந்ததில் சளி கட்டியது. கிருமி கடைசியில் வந்தது.

இன்று காலை அலோர் ஸ்டாரில், மெர்கோங் பக்கம், அந்த போட்டோக் கடையைக் கடந்தபோது, இயந்திரத்திலிருந்து அப்போதுதான் வெளியே வந்த தாளின் சூடான வாடை அடித்தது. என் கால் நின்றுவிட்டது. உன் கருமாதிக்குப் படம் வேண்டும் என்று நான் போய் உட்கார்ந்த கடை அது.

"ஐ.சி. இருந்தா கொண்டா தம்பி," என்றார் கடைக்கார அண்ணன். "பட்டுப் பொடவ ஏத்தி, கழுத்துல சங்கிலி போட்டு, அம்மன் மாதிரி பண்ணிடலாம்."

இறப்பைப் பதியும்போதே உன் அடையாள அட்டையை அலுவலகத்தில் வாங்கிக்கொண்டார்கள். வழக்கம் அதுதான். பதியப் போன சித்தப்பா அதைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளவில்லை. வீட்டில்தான் ஆல்பம் இருக்கிறதே என்று நினைத்துவிட்டார். அலமாரி மேலிருந்து ஆல்பத்தை இறக்கியபோது பக்கங்கள் நனைந்து, காய்ந்து, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. மெதுவாகத்தான் பிரித்தேன். கல்யாணப் படத்தில் மாலை இருந்தது. முகம் இருந்த இடத்தில் பழுப்புக் கறை. சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷப் படங்களில் தேடினால், எல்லாவற்றிலும் நீ குனிந்து சோறு பரிமாறிக்கொண்டிருக்கிறாய்.

மிச்சம் இருந்தது அந்த வீடியோ போன்.

கைப்பேசி உனக்குச் சரிப்படவில்லை என்று, மேசையில் நிற்கிற மாதிரி ஒன்று வாங்கித் தந்தேன். பச்சைப் பொத்தானை அழுத்தினால் பேசலாம். வட்டப் பொத்தானை அழுத்தினால் எதிரே இருப்பதைப் படமெடுத்து எனக்கு அனுப்பிவிடும். நான் அலோர் ஸ்டாரில் வேலை செய்தாலும் தினமும் உன் முகத்தைப் பார்க்கலாம் என்றுதான் வாங்கினேன். நீ அதை முதல் மழையிலேயே கூரைப் பக்கம் திருப்பிவிட்டாய்.

"மூஞ்சியக் காட்டும்மா."

"எம்மூஞ்சி எங்கடா ஓடிப் போவப் போவுது? கூரதான் போவப் போவுது. இந்தா, இதப் பாரு. தெரியுதா?"

"ஓட்ட தெரியுது. உன்னத்தான் தெரியல."

"அழுத்திட்டேன், வந்துரும். பிரிண்டு போட்டு ஆப்பீசுல குடு லா. வாயால சொன்னா அவனுங்களுக்குக் காது கேக்காது."

அடுத்த அறையைக் காட்ட அதைத் தூக்கிக்கொண்டு நடப்பாய். ஒயர் எட்டாது. பிளக் பிடுங்கிக்கொள்ளும். திரை இருண்டுபோகும். கொஞ்ச நேரத்தில் மறுபடி அழைத்து, "என்னடா பாதியில வெச்சிட்ட?" என்று என்னைத் திட்டுவாய்.

படங்களைப் பிரிண்டு போட்டு, லீவு நாளில் கரங்கானில் நம் வீட்டுக்கு வந்து, தோட்ட ஆபீசில் கொடுத்தேன். கணக்கெழுதும் கிராணி ஒவ்வொன்றாகப் பார்த்தார். படம் தெளிவாக இருப்பதாகப் பாராட்டினார். பட்ஜெட் இல்லை என்றார். அடுத்த முறை போனபோது வேறு யோசனை சொன்னார்: "அம்மாவுக்கும் வயசாச்சு. ஒங்கூடக் கூட்டிட்டுப் போயிடேன் தம்பி."

உன்னிடம் வந்து சொன்னேன். உதிர்ந்த செம்பனைப் பழம் பொறுக்கிவிட்டு வந்து கை கழுவிக்கொண்டிருந்தாய். "கூரைய மாத்தச் சொன்னா ஆள மாத்தப் பாக்குறானா? இங்க நிக்கிற மரமெல்லாம் நாங்க நட்டது. அவங்கப்பனா வந்து நட்டான்?"

அன்று போட்டோக் கடையில் உன் படங்களை எல்லாம் கணினித் திரையில் பரப்பினோம். கறை, துருப்பிடித்த தகரம், நிரம்பி வழியும் வாளி. எல்லாவற்றிலும் உன் ஆட்காட்டி விரல். செம்பனை முள் கிழித்து இரண்டாகப் பிளந்து வளர்ந்த நகம். ஒரே ஒரு படத்தில் கன்னத்தில் பாதியும் தோடு போட்ட காதும்.

"இது போதும் தம்பி. மிச்சத்தக் கம்ப்யூட்டரே போட்டுக்கும்."

போட்டுக்கொண்டது. பட்டுப் புடவையில் ஒரு பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள். பல்வரிசை அழகாக இருந்தது. அந்தக் காதைத் தவிர அவளிடம் உன்னுடையது எதுவும் இல்லை.

"அழிச்சிடுங்கண்ணே. இந்த வெரல் படத்தப் பெருசாப் போடுங்க."

"பெருசாக்கினா கட்டங் கட்டமா ஒடையும்பா."

"ஒடையட்டும்."

கருமாதியன்று சித்தப்பா அதைப் பார்த்ததும் கத்தினார். "டேய், கும்புடுற எடத்துல ஓட்டைய மாட்டி வெச்சிருக்க! நாலு பேரு சிரிக்க மாட்டாங்க?" யாரும் சிரிக்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கா கிட்டே வந்து பார்த்து, "அவங்க நெகந்தான் மாமா. எனக்குத் தெரியாதா?" என்று சொல்லி மாலையைப் போட்டாள். கற்பூரம் காட்டினோம். எல்லாரும் உன் விரலைக் கும்பிட்டார்கள்.

கிராணியும் வந்தார். கையைக் குவிக்கப் போனவர் பாதியில் நிறுத்தினார்.

"அம்மா போட்டோ வெக்கலியா தம்பி?"

"இதான் சார். பக்கத்து வீட்டுலயும் இப்படித்தான் ஒழுகுது. எப்ப மாத்துவீங்க?"

"சாப்டியா நீ?" என்று என் தோளைத் தட்டிவிட்டுக் காருக்குப் போனார்.

நான் அழுதது அப்போது இல்லை. போன வாரம் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது, உன் முகத்தில் இருந்த மச்சம் இடப்பக்கமா வலப்பக்கமா என்று ஒரு சந்தேகம் வந்தது. சித்தப்பாவைக் கேட்டேன். அவர் இடது என்றார். பக்கத்து வீட்டு அக்காவைக் கேட்டேன். வலது என்றாள். உன் குரல் இருக்கிறது, திட்டு இருக்கிறது, பிளந்த நகத்தின் ஒவ்வொரு கோடும் இருக்கிறது. முகம் மட்டும் என் கையைவிட்டு நழுவிக்கொண்டே போகிறது.

அந்த போனை என் மேசையில் வைத்திருக்கிறேன். பிளக் நன்றாகச் செருகியிருக்கிறது. கூரையை நான் பார்த்தாயிற்று அம்மா, ஊருக்கே காட்டியாயிற்று. இந்தப் பக்கம் திரும்பு. ஒரே ஒரு தடவை. மூஞ்சியக் காட்டும்மா.