எல்லாச் சட்டையிலும் ஒரே கறை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் இங்கே நலம், நீ அங்கே நலமா என்று தொடங்குவதுதான் வழக்கம். இந்தத் தடவை பின்பாதியை மட்டும் முதலில் கேட்டுக்கொள்கிறேன், நீ அங்கே நலமா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா, நின்றுகொண்டே வாயில் போடாமல் உட்கார்ந்து சாப்பிடுகிறாயா. முன்பாதிக்குச் சுற்றி வளைத்துத்தான் வருவேன், உன் அப்பன் எந்த விஷயத்துக்குத்தான் நேராக வந்திருக்கிறான். போனில் பேசாமல் இதென்ன திடீரென்று கடிதம் என்று நினைப்பாய். வீட்டில் இருப்பது இரண்டே அறை, நான் ஒன்றில் இருமினால் மற்றதில் உன் அம்மா மாத்திரைப் பெட்டியைத் திறக்கிறாள், இதில் அவளுக்குத் தெரியாமல் உன்னிடம் பேச எங்கே போவேன். அதனால் பார்சல் ஆபீஸ் காகிதத்தைச் சுருட்டிக்கொண்டு வந்து எழுத உட்கார்ந்திருக்கிறேன். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே, மூட்டை மேல் முகவரி எழுதி எழுதி எல்லா எழுத்தும் பெட்டி பெட்டியாகத்தான் வருகிறது.

முதலில் என் மானம் கப்பலேறிய கதையைச் சொல்லிவிடுகிறேன். கடைத்தெருவில் அந்தப் பெரிய துணிக்கடையில் பழைய சரக்கைத் தீர்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வழக்கம்போல முதல் ஆளாகப் போய் நின்றேன். தள்ளுபடி என்று எழுதியிருந்தால் எனக்குக் கால் தானாகவே திரும்பிவிடும், உனக்குத் தெரியாததா, பள்ளிக்கூடத்துக்கு முதல் நாள் நீ போனதே தள்ளுபடியில் வாங்கின, பெரிய வகுப்புக்குப் போன பிறகு காலுக்குச் சரியாக வந்த ஷூவில்தானே. குவியலுக்குள் கையை விட்டு ஒரு சட்டையை இழுத்தேன், விலையைப் பார்த்தேன், வேறெதையும் பார்க்கவில்லை. உன் அம்மா அதை இஸ்திரி போட்டு மடித்துக் கொடுத்தாள், மறுநாள் மாப்பிள்ளை மாதிரி போட்டுக்கொண்டு ஆபீஸ் போனேன். சாப்பாட்டு வேளையில் கேஷியர் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அண்ணே, அந்த எடது கைய மட்டும் வேற கடையில வாங்கினீங்களா?" என்று கேட்டாள். குனிந்து பார்த்தால் உடம்பெல்லாம் வெளிர் பச்சை, இடது கை மட்டும் வெளிர் நீலம். மூட்டை ஏற்றுகிறவர்கள் ஒவ்வொருவராக வந்து தரிசனம் செய்துவிட்டுப் போனார்கள். அதில் ஒருத்தன் 'சேதமான சரக்கு' என்ற சீட்டை என் முதுகில் ஒட்டியிருக்கிறான், அதோடு பாதி வழி வந்திருக்கிறேன், பஸ்ஸில் பின்சீட்டுக்காரர் பாவப்பட்டுக் கிழித்துக் கையில் கொடுத்தார்.

இதை உன் அம்மாவிடம் சொல்லிச் சிரிக்கலாம் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன். அவள் சிரிக்கவில்லை. கையைப் பிடித்து ஜன்னலோரம் இழுத்துக்கொண்டு போய் இந்தக் கையையும் அந்தக் கையையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். பிறகு, "ரெண்டும் ஒரே கலர்தானே, உங்க கேஷியருக்குத்தான் கண்ணு சரியில்ல" என்றாள். எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றுபோயிற்று. உன் அம்மா யார், சலவைக் கடைக் கவுன்டரில் நின்றே தலை நரைத்தவள். வெள்ளையிலேயே நாலு வெள்ளை பிரித்துச் சொல்லுவாள், காப்பிக் கறைக்கும் டீக் கறைக்கும் எட்ட நின்றே வித்தியாசம் சொல்லுவாள், நீ சின்ன வயதில் எங்கே போய் எதைத் தின்றுவிட்டு வந்தாலும் சட்டையைப் பார்த்தே கண்டுபிடித்து உதைத்தவள். அவள் கையால் இஸ்திரி போட்ட சட்டை அது.

ஆனால் இது அன்றைக்குத் தொடங்கியது இல்லை. போன வருஷம் நீ ஒரு பெட்டி அனுப்பினாய் அல்லவா, ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று அம்மாவுக்கு இரண்டு கண்ணாடி, ஒன்று வீட்டுக்கு, ஒன்று கடைக்கு. பழைய சீட்டைப் பார்த்துப் பவர் எவ்வளவு என்று நான்தான் போனில் படித்துச் சொன்னேன். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை, கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் துணிக்கு ரசீது போடுவதற்கு முன் கண்ணாடியைக் காட்டுவாளாம். கொஞ்ச நாளில் கதவு நிலை நெளிகிறது என்றாள், தெருவிளக்குக் கம்பம் இடுப்பு ஒடிந்து நிற்கிறது என்றாள். இலவசமாக வந்த கண்ணாடியில் கம்பம் நேராக வேறு நிற்க வேண்டுமா என்று நான் கேலி செய்தேன். உடனே இரண்டில் எது காசுக்கு வாங்கினது, எது சும்மா வந்தது என்று ஆராய்ச்சி தொடங்கிவிட்டது. கடைக் கண்ணாடியை வீட்டிலும் வீட்டுக் கண்ணாடியைக் கடையிலும் மாற்றிப் போட்டுப் பார்த்தாள், இரண்டிலும் நெளிந்தது. "ரெண்டுமே இலவசம் போலிருக்குங்க, புள்ளைய நல்லா ஏமாத்திட்டானுங்க" என்று உனக்காக வருத்தப்பட்டாள். உன்னிடம் சொல்லக் கூடாது என்று எனக்குக் கட்டளை, அவளுக்குப் பிடித்த நிறத்தில் தேடி எடுத்திருக்கிறாயாம், மனசு சங்கடப்படுவாயாம். உலகத்தில் எங்கள் இரண்டு பேரைத் தவிர வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்கள் பாப்பா, வீட்டில் தீப்பிடித்துப் புகை வந்தால்கூட ஜன்னல் கண்ணாடி அழுக்கு என்று துடைத்துக்கொண்டு நிற்கிற ஜோடி.

தெருமுனைக் கண்ணாடிக் கடைக்காரரிடம் ஒரு நாள் இரண்டையும் கொண்டுபோய்க் காட்டினேன். சோதித்துப் பார்த்துவிட்டு இரண்டும் நல்ல கண்ணாடி, பவரும் சரி, கண்ணாடியில் ஒன்றும் இல்லை, அம்மாவைச் சீக்கிரம் கண் டாக்டரிடம் காட்டுங்கள் என்று சொன்னார். வந்து சொன்னேன். அவள் அசையவில்லை. பாப்பா வரப்போகிறாள், அவளோடு போய்க்கொள்கிறேன், டாக்டர் சொல்வது அவளுக்குத்தான் புரியும், நீங்கள் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிவிட்டு வாசலுக்கு வந்து என்ன சொன்னார் என்று என்னையே கேட்பீர்கள் என்றாள். அதில் தப்பு சொல்ல முடியாது.

நீ வருவதாகத்தான் இருந்தது. ஊரார் பயணத்துக்கெல்லாம் நாள் பார்த்து டிக்கெட் போட்டுக் கொடுக்கிற வேலை உனக்கு, எந்த மாதம் கூட்டம் குறையும், எந்த வாரம் கட்டணம் இறங்கும் என்று விரல் நுனியில் வைத்திருக்கிறாய். முதல் தடவை, விடுமுறைக் கூட்டம் முடிந்தால் பாதி விலைக்குக் கிடைக்கும் என்றாய். இரண்டாம் தடவை, இன்னும் கொஞ்சம் பொறுத்தால் அந்த வருஷ லீவையும் இந்த வருஷ லீவையும் சேர்த்து எடுக்கலாம் என்று கலர் கலராகக் கட்டம் போட்ட திட்டம் ஒன்றைப் போனில் அனுப்பினாய். நல்ல யோசனை, என் மகள் என்றால் என் மகள்தான் என்று நானே மெச்சினேன், ஆபீஸில் எல்லோருக்கும் காட்டினேன். உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை என்று எழுத நினைத்தேன், எழுதினால் அது பொய். குறைதான் சொல்கிறேன். நீ அங்கே விலை இறங்கட்டும் என்று காத்திருந்தாய், உன் அம்மா இங்கே நீ இறங்கி வரட்டும் என்று காத்திருந்தாள், இரண்டு பேருக்கும் நடுவில் அந்தக் கண் மட்டும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை.

சட்டைக் கதை நடந்த அடுத்த வாரம் சலவைக் கடை முதலாளி எனக்குப் போன் செய்தார், உடனே வந்துவிட்டுப் போங்கள் என்றார். போனால் கவுன்டரில் ஒருவர் தாம்தூம் என்று குதித்துக்கொண்டிருக்கிறார். அவருடைய வெள்ளைச் சட்டைகள் சலவை முடிந்து பளிச்சென்று வந்திருக்கின்றன, உன் அம்மா ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்து எல்லாவற்றிலும் கறை என்று திருப்பித் திருப்பி உள்ளே அனுப்பியிருக்கிறாள். இவர் அவசரமாக எங்கோ போக வேண்டியவர், மாற்றிப் போட ஒரு சட்டையில்லை. உள்ளே துவைக்கிறவர்களுக்கும் கோபம், வாயில் வந்ததையெல்லாம் சொல்லியிருக்கிறார்கள். முதலாளி நல்ல மனுஷன், ஒரு சட்டையை அவள் முன்னால் விரித்து, எங்கேம்மா கறை, விரல் வைத்துக் காட்டுங்கள் என்றார். அவள் பார்த்த இடத்திலெல்லாம் விரலை வைத்தாள். "இங்க இருக்கு. இங்கயும் இருக்கு. எல்லாச் சட்டையிலயும் ஒரே மாதிரி, நான் எங்க பாத்தாலும் அங்க வந்து நிக்குது" என்றாள். சொல்லி முடிக்கும்போதே அவளுக்கே புரிந்துவிட்டது போல. விரலை எடுத்துக்கொண்டாள். அந்த ஆள்கூடக் குதிப்பதை நிறுத்திவிட்டார்.

அங்கிருந்து நேராகக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் சின்ன வயசு, உன் வயதுதான் இருக்கும், அம்மா அம்மா என்றுதான் பேசினாள். ஒரு கண்ணை மூடச் சொல்லி, கட்டம் போட்ட காகிதம் ஒன்றைக் காட்டி என்ன தெரிகிறது என்று கேட்டாள். "ஓரமெல்லாம் ஒழுங்கா இருக்கு, கோடு போட்டவன் நடுவுல வந்ததும் தூங்கிட்டான் போல" என்று உன் அம்மா சொன்னாள், டாக்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது, சிரித்ததற்காக உடனே முகத்தை மாற்றிக்கொண்டாள். விழித்திரையில் நட்ட நடுவில் கெட்டுப்போயிருக்கிறதாம். பக்கவாட்டில் தெரியும், நேராக எதைப் பார்க்கிறோமோ அது மட்டும் தெரியாது. வலக்கண்ணில் போனது போனதுதான், இடக்கண்ணில் மிச்சம் இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம், மாதா மாதம் கண்ணுக்குள்ளேயே ஊசி போட வேண்டும் என்றாள். கண்ணுக்குள் ஊசியா என்று நான்தான் இரண்டு தடவை கேட்டேன். கோடு நெளிய ஆரம்பித்த அன்றைக்கே வந்திருக்கக் கூடாதா, ஏன் இவ்வளவு நாள் விட்டீர்கள் என்று டாக்டர் கேட்டாள். நான் என்ன சொல்வேன், எந்தக் கண்ணாடி இலவசம் என்று கண்டுபிடித்துக்கொண்டிருந்தோம் என்றா சொல்வேன். உன் அம்மாதான் பதில் சொன்னாள். "மக வர்றதா இருந்துச்சு டாக்டர்." அவ்வளவுதான் சொன்னாள். அதில் கோபம் ஒன்றும் இல்லை, பஸ் வருவதாக இருந்தது என்கிற மாதிரிதான் சொன்னாள்.

முதல் ஊசி போட்டாயிற்று. என்னை வெளியே நிறுத்திவிட்டுத் தைரியமாகப் போட்டுக்கொண்டு வந்தாள், நான்தான் வெளியே பெஞ்சில் தலை சுற்றி உட்கார்ந்து யாரோ கொடுத்த தண்ணீரைக் குடித்தேன். கடையில் இப்போது அவளைக் கவுன்டரில் நிறுத்துவதில்லை, மடிக்கிற வேலை கொடுத்திருக்கிறார்கள், கைக்குத் தெரியும் என்கிறாள். உன்னிடம் சொல்லக் கூடாது என்பதில் மட்டும் பிடிவாதம். பாப்பா லீவுக்குத் திட்டம் போட்டு வைத்திருக்கிறாள், அதைக் கெடுத்துவிடாதீர்கள் என்கிறாள். இதையெல்லாம் நான் அவளுக்கு எதிரிலேயே உட்கார்ந்துதான் எழுதிக்கொண்டிருக்கிறேன் பாப்பா. முன்பெல்லாம் நான் ஒரு துண்டுக் காகிதத்தை மடித்துப் பையில் வைத்தாலும் என்ன அது என்று பிடுங்கிப் பார்ப்பாள். இப்போதும் என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்டாள், ஆபீஸ் கணக்கு என்றேன், சரி என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கிறாள். காகிதத்தைக் கையால்கூட நான் மறைத்துக்கொள்ளவில்லை. மறைக்கத் தேவையில்லாமல் போயிற்று.

உனக்கு இரண்டு புத்தி சொல்ல வேண்டும். இது குடும்ப வழியில் வரலாமாம், டாக்டர் சொன்னாள், ஆகவே நீயும் உன் கண்ணைக் காட்டு. கடை வாசலில் இலவசப் பரிசோதனை என்று மேசை போட்டு உட்கார்ந்திருப்பவரிடம் இல்லை, கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்க்கிற டாக்டரிடம். அந்தச் செலவில் மட்டும் அப்பன் புத்தியைக் காட்டாதே. இன்னொன்று, இனிமேல் கண்ணாடி, கடிகாரம், போர்வை என்று எதையும் மலிவாகக் கிடைத்தது என்று அனுப்பாதே. வைக்க இடமில்லை. உன்னையே பார்சலில் போட்டு அனுப்பினால் எடை போடாமல் இறக்கி வைக்கிறேன், எங்கள் ஆபீஸில் எனக்கு அந்தச் செல்வாக்கு உண்டு.

நீ எந்தக் குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும், நீ கால் வைக்கிற இடமெல்லாம் உனக்கு நல்லதாக அமைய வேண்டும். கோபத்தோடு எழுதினாலும் இது மட்டும் கோபமில்லாமல் எழுதுகிறேன். இந்தக் கடிதம் வந்ததை அம்மாவிடம் காட்டிக்கொள்ளாதே, நீயாகவே கிளம்பினது போல இருக்கட்டும். டிக்கெட் விலையை எனக்குச் சொல்லாதே, நான் பழக்க தோஷத்தில் இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார் என்று சொன்னாலும் சொல்லிவிடுவேன்.

இப்படிக்கு,
ஒரு கை நீலமாக உள்ள உன் அப்பா

உறையை ஒட்டுவதற்கு முன் இன்னும் ஒன்று. போன ஞாயிற்றுக்கிழமை நீ வீடியோவில் கூப்பிட்டாய் அல்லவா, உனக்கு எங்கள் முகம் தெரிந்திருக்கும். இங்கே சிக்னல் சரியில்லை, உன் குரல் மட்டும்தான் வந்தது, திரையில் சாம்பல் நிறத்தில் ஒரு வட்டமும் அதற்குள் உன் பெயரின் முதல் எழுத்தும் கடைசிவரை அப்படியே நின்றன. உன் அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு போனை முகத்துக்கு நேராகப் பிடித்து, "கண்ணுக்குக் கீழ கறுத்துப் போயிருக்கு, ராத்திரியில ஒழுங்கா தூங்கு" என்றாள். நீயும் சரிம்மா என்று சிரித்தாய். போனை வைத்த பிறகு வெகு நேரம், பிள்ளை முகத்தைப் பார்த்தது எவ்வளவு நிம்மதியாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அதில் உன் முகம் வரவேயில்லை என்று நான் அவளிடம் சொல்லவில்லை.